தந்தையின் பெயரில் ஒரு பாமீர் அனுமதி

தாஜிகிஸ்தானின் மின்விசா விண்ணப்பத்தில் முதல் கட்டமே குடும்பப்பெயரைக் கேட்டது. என் அப்போதைய பாஸ்போர்ட்டில் அந்த இடம் வெற்றாக இருந்தது. அதற்குக் கீழே என் பெயர் ஒற்றைச் சொல்லாக நின்றது. பள்ளிச் சான்றிதழ் தொடங்கிச் சம்பளப் பட்டியல் வரை என் பெயருக்கு முன்னால் ஓர் எழுத்தும் ஒரு புள்ளியுமாக உடன்வந்த என் தந்தை, பாஸ்போர்ட்டில் புகைப்படம் உள்ள பக்கத்தில் இருக்கவில்லை. கடைசிப் பக்கத்தில், தாயாரின் பெயருக்கு மேல் வரியில் இருந்தார். கட்டத்தை வெற்றாக விட்டால் விண்ணப்பம் அடுத்த பக்கத்துக்கு நகரவில்லை. ஒரு கோடு போட்டுப் பார்த்தேன், என் பெயரையே இரண்டு கட்டங்களிலும் இட்டுப் பார்க்கலாமா என்று யோசித்தேன், கடைசியில் தந்தையின் பெயரைக் குடும்பப்பெயராக இட்டு அடுத்த பக்கம் போனேன். அங்கே, கோர்னோ-பதக்ஷான் தன்னாட்சி மாகாணத்துக்குச் செல்லும் அனுமதியும் வேண்டுமா என்று கேட்டுச் சிறியதொரு கட்டம் இருந்தது. அதில் டிக் அடித்தேன். விசாவுக்கு 50 டாலர், அனுமதிக்கு 20 டாலர். 2019ஆம் ஆண்டு கோடையில் இதைச் செய்தபோது, சிக்கல் வந்தால் இரண்டாவது கட்டத்தால் வரும் என்றுதான் நினைத்தேன். முதல் கட்டத்தைப் பற்றி எனக்குக் கவலையே இருக்கவில்லை.

கோர்னோ-பதக்ஷான் என்பது பாமீர் மலைகளின் மாகாணம். தாஜிகிஸ்தானின் பரப்பில் ஏறத்தாழ 45 விழுக்காடு அதற்குள் அடங்கும். மக்களோ இரண்டேகால் லட்சம் பேர்தான். கிழக்கே சீனா, தெற்கிலும் மேற்கிலும் ஆப்கானிஸ்தான், வடக்கே கிர்கிஸ்தான் என்று எல்லையாலேயே சூழப்பட்ட நிலம் அது. சோவியத் காலத்தில் எல்லை மண்டலத்துக்குள் நுழையச் சோவியத் குடிமக்களுக்கே ‘புரோபுஸ்க்’ என்ற அனுமதிச் சீட்டு தேவைப்பட்டது. அந்தப் பழக்கத்தின் எச்சம்தான் இன்று வெளிநாட்டார் வாங்கும் சீட்டு. பயணிகளிடையே அதற்கு, மாகாணப் பெயரின் ஆங்கிலச் சுருக்கத்தால், ஜி.பி.ஏ.ஓ. பெர்மிட் என்று பெயர். இதை வாங்கியவர் எந்த முகவரையும், எந்த வழிகாட்டியையும் அமர்த்த வேண்டியதில்லை. தனியாகப் போகலாம், கிடைத்த வண்டியில் ஏறலாம், விரும்பிய ஊரில் தங்கலாம். திபெத் தன்னாட்சிப் பகுதியில் இது நடக்காது. பதிவுபெற்ற பயண நிறுவனமும் வழிகாட்டியும் இல்லாமல் வெளிநாட்டார் லாசாவுக்கு ரயிலே ஏற முடியாது. துர்க்மெனிஸ்தானின் சுற்றுலா விசாவிலும் வழிகாட்டி கூடவே வருவார். அவற்றோடு ஒப்பிட்டால் பாமீரின் விதி கண்டிப்பானது, ஆனால் கையில் தாளைக் கொடுத்துவிட்டு நம்மை நம் போக்கில் விட்டுவிடுவது. அதற்காகவே அந்த ஊரைத் தேர்ந்தேன்.

இங்கே என் தொழிலைச் சொல்லிவிடுவது நல்லது. நான் வருவாய்த் துறையில் வேலை பார்க்கிறவன். இருபது ஆண்டுகளுக்கு மேலாகத் தன்பதிவேடு எழுதியும், பிறர் எழுதியதைச் சரிபார்த்தும் காலம் கழித்தவன். அனுமதி என்ற சொல்லை மேசையின் இந்தப் பக்கத்திலிருந்தே அறிந்தவன். அரசு ஊழியர் வெளிநாடு செல்லத் தடையின்மைச் சான்றும் மேலதிகாரியின் அனுமதியும் வேண்டும் என்பதால், தாஜிகிஸ்தான் மூன்று நாட்களில் தந்த விசாவுக்கு முன்பாக, என் சொந்தக் கோப்பு ஏழு வாரம் மேசை மேசையாகச் சென்றது. ‘எதற்காக அந்த நாடு’ என்று ஒருவர் குறிப்பு எழுதியிருந்தார். ‘மலை பார்க்க’ என்று நான் பதில் எழுதினேன். அந்தப் பதில் கோப்பில் இன்றும் இருக்கும்.

தாஜிகிஸ்தானின் தலைநகரான துஷான்பேயின் விமான நிலையத்தில் ஒரு கேள்வியும் இல்லாமல் முத்திரை குத்தினார்கள். விசாத் தாளில் அனுமதி பற்றிய வரி அச்சாகியிருக்கிறதா என்று இரண்டு முறை பார்த்துக்கொண்டேன். ஓர் அறிவுரை சொல்லலாம் என்றால் இதுதான்: அந்தத் தாளைப் பத்துப் பிரதி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், பாஸ்போர்ட்டின் படப் பக்கத்தையும் பத்துப் பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். சோதனைச் சாவடிகளில் சிலர் பிரதியைக் கேட்டு வாங்கிக்கொள்வார்கள். மலையில் ஜெராக்ஸ் கடை கிடையாது.

துஷான்பேயிலிருந்து மாகாணத் தலைநகரான கோரோக் சுமார் 600 கிலோமீட்டர். பங்கு வண்டிகள் நிற்கும் இடத்துக்கு விடியற்காலை ஐந்தரை மணிக்கே போய்விட்டேன். பழைய லேண்ட் குரூசர் ஒன்றில் முன்னிருக்கை கேட்டேன், நடு வரிசையில் ஜன்னலோரம் கிடைத்தது. நிரம்பினால்தான் வண்டி புறப்படும் என்பது நம் ஊர் ஷேர் ஆட்டோ நியாயம். எனவே புறப்பட ஒன்பது மணி ஆயிற்று. ஓட்டுநரை எல்லாரும் ‘அகா’ என்று அழைத்தார்கள். தாஜிக்கில் அது அண்ணன். நானும் அப்படியே அழைத்தேன். என்னைவிடப் பத்து வயதாவது இளையவராக இருந்திருப்பார், ஆனால் அந்தச் சாலையில் வண்டி ஓட்டுகிறவரைத் தம்பி என்று அழைக்க மனம் வராது.

குலாப்பைக் கடந்து சில மணி நேரத்தில் சாலை பாஞ்ச் ஆற்றைப் பிடித்துக்கொள்கிறது. அதன்பின் கோரோக் வரையில் வலப்பக்கம் ஆறு, ஆற்றுக்கு அப்பால் ஆப்கானிஸ்தான். சில இடங்களில் ஆறு நம் வாய்க்கால் அளவுக்கு ஒடுங்கி, அக்கரையில் கழுதையை ஓட்டிச் செல்பவரின் தலைப்பாகை நிறம் வரை தெரிந்தது. ஆறே எல்லையாக இருக்கட்டும் என்று 1873இல் லண்டனும் பீட்டர்ஸ்பர்க்கும் பேசி முடித்தன. பிறகு 1895இல் ஆங்கில-ரஷ்ய எல்லை ஆணையம் பாமீருக்கே வந்து மீதி எல்லைக்கோட்டையும் போட்டது. பிரிட்டிஷ் இந்தியாவும் ரஷ்யப் பேரரசும் ஒன்றையொன்று தொட்டுக்கொள்ளக் கூடாது என்பதற்காக ஆப்கானிஸ்தானுக்கு வக்கான் என்ற ஒல்லியான நிலப்பட்டை தரப்பட்டது. அதன் குறுகிய இடங்களில் அகலம் பதினைந்து கிலோமீட்டர் அளவுதான். ஆற்றின் இரு கரையிலும் ஒரே மொழி பேசியவர்கள், பெண் கொடுத்துப் பெண் எடுத்தவர்கள், ஒரு கோட்டால் இரு நாட்டவர் ஆனார்கள். வக்கி மொழி பேசுவோர் இன்று தாஜிகிஸ்தான், ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், சீனா என நான்கு நாடுகளில் பிரிந்து வாழ்கிறார்கள். அதே 1873இல்தான் வங்காளக் கிழக்கெல்லை ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. அருணாச்சலப் பிரதேசத்துக்கும் நாகாலாந்துக்கும் போக நாம் இன்றும் வாங்கும் உள்கோட்டு அனுமதி அந்தச் சட்டத்தின் பிள்ளை. மலைகளைத் தாளால் சுற்றிவைக்கும் யோசனை இரண்டு இடங்களில் ஒரே ஆண்டில் தோன்றியதைத் தற்செயல் என்று சொல்லிவிடலாம்தான். பதிவேடு எழுதிப் பிழைக்கிறவனுக்கு அது அவ்வளவு எளிதில் தற்செயலாகப் படவில்லை.

சாவடிகள் ஒரே மாதிரி இருக்கும். தடுப்புக் கம்பம், அதன் ஒரு முனையில் பாரத்துக்காகக் கட்டிய கல் மூட்டை, ஓர் அறை, அறைக்குள் ஒரு மேசை, மேசை மேல் ஒரு பதிவேடு. கணினி எங்கும் இல்லை. நீண்ட கணக்குப் புத்தகத்தில் அடிக்கோலை வைத்துப் பேனாவால் பத்தி பிரித்திருந்தார்கள். பேனாவை ஒரு நூலில் கட்டி ஆணியில் மாட்டியிருந்தார்கள். அந்த நூலைக் கண்டதும் ஊர் ஞாபகம் வந்தது. ஓட்டுநர் எல்லாருடைய ஆவணங்களையும் அள்ளிக்கொண்டு உள்ளே போவார். உள்நாட்டவரின் அட்டைகளை ஒரு பார்வை பார்த்துத் திருப்பித் தந்துவிட்டு, வெளிநாட்டவனை மட்டும் எழுதுவார்கள். துஷான்பேக்கும் கோரோக்குக்கும் இடையில் என்னை இப்படி நான்கு முறை எழுதினார்கள். வேகமாக எழுதியவர்கள் விசாவைப் பார்த்து எழுதினார்கள். பாஸ்போர்ட்டைத் திறந்து எண்ணை மட்டும் குறித்துக்கொண்டார்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒத்துப்பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. என் அலுவலகத்தில் இப்படி ஒரு உதவியாளர் செய்திருந்தால் விளக்கம் கேட்டிருப்பேன். அங்கே மனத்துக்குள் நன்றி சொன்னேன்.

கோரோக்கை நள்ளிரவு தாண்டி அடைந்தோம். கடல்மட்டத்திலிருந்து 2,100 மீட்டருக்கு மேல், குந்த் ஆறு பாஞ்சில் கலக்கும் இடத்தில், பாப்ளர் மரங்கள் நிறைந்த சிறிய நகரம். மக்களில் மிகப் பெரும்பாலோர் இஸ்மாயிலி முஸ்லிம்கள். உள்நாட்டுப் போர் காலத்தில் இந்த மலைப்பகுதி உலகத்தோடு தொடர்பறுந்து பட்டினியில் நின்றபோது, 1993 முதல் ஆகா கான் அறக்கட்டளை அனுப்பிய மாவுதான் மக்களைக் காப்பாற்றியது. நான் தங்கிய வீடுகள் ஒவ்வொன்றிலும், இஸ்மாயிலிகளின் சமயத் தலைவரான ஆகா கானின் படம் மாட்டியிருந்தது. சட்டம் எழுதிய தாளைவிட அந்தப் படத்துக்கு அங்கே அதிக மரியாதை இருந்ததை, அரசாங்கம் ரசித்திருக்க வழியில்லை.

தனிப் பயணம் என்ற சொல்லின் நிஜமான பொருள் கோரோக்கில்தான் எனக்குத் தெரிந்தது. அனுமதித் தாள் என்னை எங்கும் போகலாம் என்கிறது. ஆனால் பாஞ்ச் ஆற்றின் தாஜிக் கரையில் உள்ள வக்கான் பள்ளத்தாக்கின் கடைசி ஊரான லங்கருக்கு அப்பால், கணவாய் ஏறி அலிச்சூர் போகும் வழியில், பொது வண்டி எதுவும் ஓடுவதில்லை. ஜீப்பை வாடகைக்குப் பேச வேண்டும். கிலோமீட்டர் கணக்கில் பேசுவார்கள். நாம் போகும் தூரத்துக்கு மட்டுமல்ல, வண்டி வெறுமையாகத் திரும்பும் தூரத்துக்கும் சேர்த்து. தனியாளுக்கு அது கட்டாது. ஆகவே நகரப் பூங்காவில் இருந்த சுற்றுலாத் தகவல் அலுவலகத்தின் அறிவிப்புப் பலகையில், ‘வக்கான் வழியாக முர்காப், இரண்டு இடம் காலி’ என்ற மாதிரிச் சீட்டுகளுக்காக நான்கு நாள் காத்திருந்தேன். யாருடைய கையையும் எதிர்பார்க்காமல் போகிறேன் என்று கிளம்பியவன் ஒரு பலகையின் முன்னால் நாளுக்கு மூன்று முறை போய் நின்றதை மறைப்பதற்கில்லை. ஐந்தாம் நாள் போலந்து நாட்டுத் தம்பதியரும் ஒரு ஜப்பானியப் பெண்ணும் சேர்ந்து பேசிய வண்டியில் நானும் சேர்ந்துகொண்டேன்.

அந்த அலுவலகத்தில் இன்னொரு விஷயமும் தெளிவாயிற்று. பொது அனுமதி மாகாணத்தின் மாவட்டங்களுக்கு மட்டுமே. அதற்குள்ளேயே தனித்தாள் கேட்கும் இடங்கள் உண்டு. சோர்குல் ஏரி அவற்றில் ஒன்று; 1838இல் ஜான் வுட் என்ற பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி தேடிவந்து, ஆக்ஸஸ் (இன்றைய அமு தர்யா) ஆற்றின் மூலம் இதுவே என்று சொன்ன ஏரி. சாரேஸ் ஏரிக்கும் தனி அனுமதி வேண்டும். 1911இல் நிலநடுக்கத்தில் மலை சரிந்து ஆற்றை அடைத்ததால் பிறந்த ஏரி அது, அந்த இயற்கை அணையின் உயரம் 567 மீட்டர். இரண்டையும் விட்டுவிட்டேன். அனுமதிக்குள் அனுமதி கேட்கிற அளவுக்கு எனக்கு விடுப்பு இருக்கவில்லை.

வக்கானில் மூன்று இரவு தங்கினோம். யாம்சுன் கோட்டையும், அதற்கு மேலே பாறை இடுக்கில் உள்ள பீபி பாத்திமா வெந்நீர் ஊற்றும், விராங் ஊரின் சரிவில் படிப்படியாக நிற்கும் பௌத்தத் தூபியும் பார்க்க வேண்டியவை. அவற்றைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். எனக்கு மனத்தில் நின்றது வீடுகள். பாமீர் வீட்டின் நடுக்கூடத்தை ஐந்து தூண்கள் தாங்குகின்றன. முகம்மது, அலி, பாத்திமா, ஹசன், உசேன் என்று ஒவ்வொரு தூணுக்கும் பெயர் உண்டு. கூரையில் ஒன்றுக்குள் ஒன்றாகத் திருகி அடுக்கிய நான்கு சதுரச் சட்டங்கள் வழியாக வெளிச்சம் இறங்குகிறது. அவை நிலம், நீர், காற்று, நெருப்பு. காலையில் ஷிர்சாய் தருவார்கள்: தேநீரில் பால், உப்பு, வெண்ணெய் சேர்த்து, கிண்ணத்தில் காய்ந்த ரொட்டியைப் பிய்த்துப் போட்டு ஊறவைத்து உண்பது. முதல் நாள் உப்பு நாக்கில் இடறியது. இரண்டாம் நாள் காப்பியில் சர்க்கரை போடுகிறவர்கள் என்ன சுவை கண்டார்கள் என்று தோன்றியது. வீட்டுக்காரப் பெரியவர் எனக்கு மட்டும் கிண்ணத்தை இரண்டாம் முறை நிரப்பிவிட்டு, ‘ஹிந்துஸ்தான்’ என்று சொல்லி மார்பில் கைவைத்தார்.

லங்கரிலிருந்து கிளம்பிய நாள் காலை பத்தரை மணிக்குக் கர்குஷ் சாவடிக்கு வந்தோம். பாமீர் ஆற்றின் கரையில் மரமோ புல்லோ இல்லாத வெளி. அங்கிருந்து ஒரு பாதை சோர்குலுக்கும், இன்னொன்று 4,344 மீட்டர் உயரத்துக் கர்குஷ் கணவாய்க்கும் பிரிகிறது. இருபது வயது மதிக்கத்தக்க ஒரு படைவீரர் நால்வரின் ஆவணங்களையும் வாங்கினார். போலந்துக்காரர்களை எழுதினார், ஜப்பானியப் பெண்ணை எழுதினார். என் பாஸ்போர்ட்டைத் திறந்து, விசாத் தாளை அதன் பக்கத்தில் வைத்து, ஆள்காட்டி விரலை இரண்டுக்கும் மாற்றி மாற்றி நகர்த்தினார். விரல் விசாவில் என் தந்தையின் பெயரில் நின்றது. பிறகு பாஸ்போர்ட்டுக்கு வந்து, வெற்றிடத்தில் நின்றது. பயணத்துக்கு முன் சிரிலிக் எழுத்துகளைப் பழகியிருந்ததால், பதிவேட்டின் பத்தித் தலைப்புகளைத் தலைகீழாகவே படிக்க முடிந்தது: ஃபமிலியா, இம்யா, ஓத்செஸ்த்வா. குடும்பப்பெயர், பெயர், தந்தைவழிப் பெயர். அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

அவர் செய்தது முற்றிலும் சரி. ஒரு தாளில் ஒரு பெயர், இன்னொரு தாளில் வேறு பெயர். முதலெழுத்து மாறியிருக்கிறது என்று சொல்லி, பட்டா மாறுதலுக்கு வந்த எத்தனை பேரை நான் நோட்டரி பத்திரம் எடுத்துவரச் சொல்லித் திருப்பி அனுப்பியிருக்கிறேன் என்பதற்குக் கணக்கில்லை. அவர்களும் நானும் ஒரே வாக்கியத்தைத்தான் சொன்னோம்: இரண்டும் ஒருவரே, ஐயா. அந்த வாக்கியத்தை எனக்கு ரஷ்ய மொழியில் சொல்லத் தெரியாது. எங்கள் ஜீப்பின் ஓட்டுநர் அகா தாஜிக்கில் சொன்னார். வீரர் தலையை அசைத்தார், வயர் போட்ட தொலைபேசியை எடுத்துச் சுழற்றினார், யாரிடமோ பேசினார், காத்திருக்கச் சொன்னார்.

காத்திருந்தது மூன்று மணி நேரம். நான்காயிரம் மீட்டரை நெருங்கும் உயரத்தில் ஜூலை வெயில் தோலை எரிக்கும். நிழலில் நின்றால் காற்று எலும்புக்குள் போகும். வண்டிக்குள் ஜப்பானியப் பெண் தூங்கினார். போலந்துக்காரர் முதல் ஒரு மணி நேரம் சிரித்த முகத்தோடு இருந்தார். இரண்டாவது மணியில் வரைபடத்தைத் திறந்து, முர்காப்புக்கு இன்னும் எவ்வளவு தூரம் என்று சத்தமாகக் கணக்கிட்டார். அவருக்குக் கிர்கிஸ்தானுக்கு விசாவே வேண்டாம். எனக்கு வேண்டும், அதை நான் எடுத்திருக்கவில்லை. அவர் கையிலிருந்த பாஸ்போர்ட்டுக்கும் என்னுடையதற்கும் உள்ள தூரம், கோரோக்கில் சீட்டுப் பலகையின் முன்னால் தெரியாமல் இருந்தது. அந்தத் தடுப்புக் கம்பத்தின் முன்னால் நன்றாகத் தெரிந்தது. என்னை விட்டுவிட்டுப் போங்கள் என்று சொன்னேன். ஓட்டுநர் கேட்க மறுத்தார். நான்கு பேரை ஏற்றினேன், நான்கு பேரை இறக்குவேன் என்றார். அதற்குமேல் அதைப் பற்றிப் பேச்சு இல்லை.

ஒன்றரை மணிக்கு அதிகாரி ஒருவர் ஜீப்பில் வந்தார். நாற்பது வயதிருக்கும். அறைக்குள் அழைத்து, உட்காரச் சொல்லி, இரண்டு தாள்களையும் பார்த்தார். நான் பாஸ்போர்ட்டை வாங்கிக் கடைசிப் பக்கத்தைத் திருப்பி, முதல் வரியில் விரலை வைத்தேன். ‘பதர்’ என்றேன். தாஜிக்கில் தந்தைக்கு அதுதான் சொல் என்று வீட்டுக்காரப் பெரியவர் மூலம் தெரிந்திருந்தது. அதிகாரி அந்த வரியையும் விசாவையும் எழுத்தெழுத்தாக ஒப்பிட்டார். பிறகு ஓட்டுநரிடம் ஏதோ கேட்டார். எங்கள் ஊரில் குடும்பப்பெயர் கிடையாது, தந்தையின் பெயரில் முதல் எழுத்தைத்தான் எங்கள் பெயருக்கு முன்னால் போடுவோம் என்று வழியெல்லாம் நான் விளக்கியதை, ஓட்டுநர் என்னைவிட அழகாக விளக்கினார் என்றே நினைக்கிறேன். ஏனென்றால் அதிகாரியின் முகத்தில் வியப்பு இல்லை, தெரிந்த கதையைக் கேட்பவரின் முகம் இருந்தது.

அவருக்கு அது தெரிந்த கதைதான். சோவியத் ஆட்சி வந்தபோது தாஜிக்குகளின் தந்தை பெயர்களை எடுத்து, வாலில் ‘ஒவ்’ ஒட்டி, குடும்பப்பெயர் ஆக்கிப் பதிவேட்டில் ஏற்றினார்கள். சோவியத் போன பிறகு, 2007இல், நாட்டின் அதிபரே ரஹ்மோனவ் என்ற தம் பெயரிலிருந்து அந்த வாலை வெட்டி, எமோமலி ரஹ்மோன் ஆனார். அவரைப் பார்த்து அதிகாரிகள் பலரும் வெட்டிக்கொண்டார்கள். அதனால் அண்ணனுக்கு ‘ஒவ்’ இருக்கும், தம்பிக்கு இருக்காது, மகனுக்குத் தாத்தாவின் பெயர் இருக்கும் என்ற நிலை வீட்டுக்கு வீடு உண்டு. பெயர் ஒன்று, தாள் இரண்டு என்று வந்து நிற்பவர்களை அந்த நாட்டின் அலுவலகங்களும் போதுமான அளவுக்குப் பார்த்திருக்கின்றன.

அதிகாரி பேனாவை எடுத்து, பதிவேட்டைத் தம் பக்கம் திருப்பி, தாமே எழுதினார். ஃபமிலியா என்ற பத்தியில் என் தந்தையின் பெயர். இம்யா என்ற பத்தியில் என் பெயர். ஓத்செஸ்த்வா என்ற பத்திக்கு வந்ததும் ஒரு கணம் தயங்கி, என்னைப் பார்த்து, மறுபடியும் தந்தையின் பெயரையே எழுதினார். செங்கோட்டை தாண்டி மேற்கே போகாத, ரயிலில் ஜன்னல் சீட்டுக்குக்கூட ஆசைப்படாத மனிதரின் பெயர், ஆக்ஸஸ் நதி தொடங்கும் இடத்துக்குப் பக்கத்தில், சிரிலிக் எழுத்தில், ஒரே வரியில் இரண்டு முறை ஏறியது. எழுதி முடித்ததும் அதிகாரி அடிக்கோலை வைத்து அந்த வரியின் கீழ் ஒரு கோடு போட்டார். எங்கள் அலுவலகத்திலும் முடிந்த பதிவுக்குக் கீழே அப்படித்தான் கோடு போடுவோம்.

கணவாயைக் கடந்து அலிச்சூருக்குப் போனோம், மறுநாள் முர்காப். கப்பலில் சரக்கு ஏற்றும் இரும்புப் பெட்டிகளையே வரிசையாக வைத்துக் கடைத்தெரு ஆக்கியிருக்கிறார்கள். 1893இல் ரஷ்யப் படை பாமீர் காவல் நிலையமாக ஏற்படுத்திய ஊர் அது. இன்றும் காவல் நிலையத்தின் முகம் போகவில்லை. தாஜிக் மக்கள் துஷான்பே நேரத்தைச் சொல்ல, கிர்கிஸ் மக்கள் ஒரு மணி நேரம் முன்னே வைத்துக்கொண்டு வாழ்கிறார்கள். மரம் இல்லாததால் தெரெஸ்கென் என்ற குட்டைச் செடியை வேரோடு பிடுங்கி அடுப்பெரிக்கிறார்கள். அங்கிருந்து வடக்கே, 4,655 மீட்டர் உயரமுள்ள அக்-பைத்தால் கணவாய் கடந்து காராகுல் ஏரி வரை போனேன். சாலையின் கிழக்கே நெடுந்தூரம் சீன எல்லையை ஒட்டிய முள்வேலி கூடவே வருகிறது. சோவியத் காலத்தில் போட்டது. பல இடங்களில் கம்பங்கள் இல்லை. மேய்ப்பவர்கள் விறகுக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். யாக் எருமைகள் அந்த இடைவெளிகளில் புகுந்து, யார் அனுமதியும் இல்லாமல், அந்தப் பக்கம் மேய்ந்துவிட்டு வந்தன.

காராகுல்லில் போலந்துத் தம்பதியரும் ஜப்பானியப் பெண்ணும் கிர்கிஸ் எல்லையை நோக்கிப் போனார்கள். நான் திரும்பினேன். அடுத்த நாள் முர்காப் வழியாக, கோய்தெசெக் கணவாய் இறங்கிக் கோரோக். இறங்கும் வழியில் இரண்டு சாவடிகளிலும், கேட்கும் முன்பே, பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தைத் திறந்து கொடுத்தேன். யாரும் அதைப் பார்க்கவில்லை.

இப்போது போக நினைப்பவர்களுக்கு இரண்டு செய்திகள். இந்த அனுமதி நிலையானதல்ல. கோரோக்கில் 2012 ஜூலையில் சண்டை நடந்தபோது நிறுத்தினார்கள். 2021 நவம்பரில் போராட்டம் வெடித்தபோது மாகாணத்துக்கே இணையத்தை நான்கு மாதம் துண்டித்தார்கள்; 2022 மே மாதத்தில் கோரோக்கிலும் ருஷானிலும் பலர் கொல்லப்பட்டபோது அனுமதி மீண்டும் நின்றது, பின்னர் திரும்பியது. கிர்கிஸ்தானுக்கும் தாஜிகிஸ்தானுக்கும் இடையே 2021இல் மூடிய எல்லை 2025 மார்ச்சில் உடன்படிக்கைக்குப் பிறகுதான் திறந்தது. எனவே விமானச் சீட்டுக்கு முன்னால் அனுமதி கிடைக்கிறதா என்று பாருங்கள். கிடைத்த பிறகும், விடுப்பில் ஐந்து நாளைக் காத்திருப்பதற்கென்றே ஒதுக்குங்கள்.

மற்றது பெயர். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களைச் சுற்றுலா விசாவில் ஏற்க முடியாது என்று அறிவித்தது; சில நாளிலேயே, இரண்டாம் பக்கத்தில் தந்தை பெயரோ குடும்பப்பெயரோ இருந்தால் ஏற்போம் என்று தெளிவுபடுத்தியது. கர்குஷ் அதிகாரி மூன்று மணி நேரத்தில் எடுத்த முடிவுக்கு அவர்களும் வந்து சேர்ந்தார்கள். ஆனால் எல்லாச் சாவடியிலும் அப்படி ஒருவர் ஜீப்பில் வருவார் என்று நம்பிப் புறப்பட முடியாது. சென்ற ஆண்டு என் பாஸ்போர்ட்டைப் புதுப்பித்தபோது, குடும்பப்பெயர் என்ற இடத்தில் தந்தையின் பெயரை இட்டுவிட்டேன். இப்போது எந்த விண்ணப்பமும் அடுத்த பக்கத்துக்கு உடனே நகர்கிறது. விமான நிலைய ஒலிபெருக்கிகளில் மட்டும் என் தந்தையைக் கூப்பிடுகிறார்கள். இரண்டாம் முறை கூப்பிட்ட பிறகே நான் எழுந்து போகிறேன்.